நூலகத்தில் ஒரு காலி நாற்காலி

சென்ற மாதம் ஒரு மாலையில், செய்யாறு பக்கத்திலிருந்து ஒரு மாணவி கைப்பேசியில் அழைத்தார். எங்கள் பக்கத்து ஊர்ப் பெண். எம்.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறார். வீட்டில் முதல் பட்டதாரி.

“அக்கா, எங்க தாத்தா காலத்துல காலனியில ஒரு பள்ளிக்கூடம் இருந்துச்சாம். லேபர் ஸ்கூல்னு சொல்றாங்க. அதைப் பத்தித்தான் புராஜெக்ட் பண்ணணும்னு ஆசை. காலேஜ் லைப்ரரியில கேட்டேன், அப்படி எதுவும் இல்லைன்னுட்டாங்க. நெட்ல தேடுனா தொழிலாளர் சட்டமா வருது. சார் வேற தலைப்பு எடுத்துக்கோன்னு சொல்றார்.”

“லைப்ரரியில யார்கிட்டம்மா கேட்ட?”

“புத்தகம் எடுத்துக் குடுக்கிற அண்ணன்கிட்ட. லைப்ரரியன் போஸ்ட் ரொம்ப நாளா காலிக்கா. ஒரு சார் கூடுதல் பொறுப்பா பாக்குறார். அவர் கிளாஸுக்குப் போயிடுவார்.”

தலைப்பை மாற்ற வேண்டாம் என்று சொன்னேன். அவர் தேடும் பள்ளிக்கூடம் உண்மையில் இருந்தது. அதைப் பற்றிய காகிதங்கள் இருக்கக்கூடிய இடமும் இருக்கிறது. அந்த இடத்தைக் காட்ட அவருடைய கல்லூரியில் ஆள் இல்லை, அவ்வளவுதான். எனக்கு அப்படிக் காட்ட ஒருவர் இருந்தார். அந்த ஒருவருக்காகத்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

ஒரு பழைய அட்டை

2002ஆம் ஆண்டு. தென்சென்னையில் ஒரு கல்லூரியில் எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். அரசு ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கல். தி.நகரில் இறங்கி இன்னொரு பேருந்து பிடித்துத்தான் கல்லூரிக்குப் போக வேண்டும். ஆய்வேட்டுக்கு ‘தலித்துகள் நடத்திய பழைய தமிழ்ப் பத்திரிகைகள்’ என்று தலைப்புக் கொடுத்திருந்தேன். “அப்படி ஏதாவது இருந்ததா?” என்று உடன் படித்த ஒருவர் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். எனக்கும் உறுதியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அப்போது கல்லூரி நூலகங்களில் கணினி முழுதாக வரவில்லை. மர இழுப்பறைகளில் அட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். ‘த’ வரிசையில் தலித் என்ற தலைப்பைத் தேடினேன். இல்லை. புத்தகம் கொடுக்கும் இடத்தில் கேட்டேன். “இல்லம்மா” என்றார்கள். மூன்று நாள் போனேன்; மூன்று நாளும் அதே பதில்.

நான்காம் நாள், கலைக்களஞ்சியங்கள் அடுக்கியிருந்த அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் கூப்பிட்டார். மேசை மேல் ‘குறிப்புதவிப் பிரிவு’ என்று பலகை இருந்தது. அந்தக் கனத்த புத்தகங்களை யாரும் எடுத்துப் போகாமல் காவல் இருப்பவர் என்றுதான் அதுவரை அவரை நினைத்திருந்தேன்.

“மூணு நாளா ஒரே டிராயரைத் திறந்து மூடுறியே, என்னம்மா தேடுற?”

சொன்னேன். அவர் உடனே எழுந்து போய்ப் புத்தகம் எடுத்து வரவில்லை. கேள்வி கேட்டார். எந்தக் காலத்துப் பத்திரிகை? எந்த ஊரில் அச்சானது? அதை நடத்தியவர்கள் அன்றைக்குத் தங்களை என்ன பெயரால் சொல்லிக்கொண்டார்கள்? மூன்றாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வீணாய்ப்போன ஒரு பட்டியல் அட்டையை எடுத்து, அதன் பின்பக்கத்தில் வரிசையாக எழுதினார்: பஞ்சமர், ஆதிதிராவிடர், பூர்வ பௌத்தர், ஒடுக்கப்பட்ட வகுப்பார், ஹரிஜனர், பட்டியல் சாதியார்.

“ஒவ்வொண்ணையும் தனித்தனியா தேடு. சில வார்த்தை கேக்க நல்லா இருக்காது. ஆனா புத்தகம் அந்தப் பேருக்கு அடியிலதான் இருக்கும்” என்றார்.

அரை மணி நேரத்தில் கிடைத்தது. பௌத்தம் என்ற தலைப்பின் கீழ், சமய நூல்கள் அலமாரியில் இருந்தன ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ தொகுதிகள். ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999இல் வெளியிட்டது. நூலகம் வாங்கிவிட்டிருந்தது. நான் தேடிய பெயரில் அது இல்லை.

அதைப் படித்தபோதுதான் தெரிந்தது: நான் தேடிய பத்திரிகை என் கல்லூரியிலிருந்து சிறிது தூரத்தில், இராயப்பேட்டையிலிருந்து வெளிவந்திருக்கிறது. 1907 ஜூன் 19 அன்று ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற பெயரில் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய வார இதழ் அது. ஓராண்டுக்குப் பின் ‘தமிழன்’ ஆனது. 1914இல் அவர் காலமாகும்வரை நடத்தினார். அதற்கும் முன்பு, 1893இல், இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்ற பெயரிலேயே ஒரு பத்திரிகையைச் சென்னையிலிருந்து கொண்டுவந்தார். எந்தப் பெயரைச் சொல்லி நம்மை இழிவு செய்தார்களோ, அதையே முகப்பில் அச்சிட்டார். “அப்படி ஏதாவது இருந்ததா?” என்று கேட்ட தோழருக்கு அடுத்த வாரம் நான் பதில் சொன்னேன்.

‘தமிழன்’ இதழ்கள் அந்தத் தொகுதிகளாக வந்ததற்குப் பின்னாலும் நூலகர் வேலையைச் செய்த ஒருவர் இருக்கிறார். அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பல ஆண்டுகள் அந்த இதழ்களைத் தேடிச் சேர்த்துத் தங்கள் வீடுகளில் காத்து வைத்திருந்தார்கள். நூலகத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்கள் தம் வரலாற்றுக்குத் தாங்களே நூலகர்களாக இருந்திருக்கிறார்கள். அயோத்திதாசரின் குடும்பக் கதையும் இதுதான். ஆங்கிலேய அதிகாரி ஒருவர் வீட்டில் பட்லராக இருந்த தம் பாட்டனார் கந்தப்பன் வைத்திருந்த ஏட்டிலிருந்துதான் திருக்குறள் எல்லிஸ் துரை கைக்குப் போனது என்று பண்டிதர் எழுதியிருக்கிறார்.

விடுதியில் அட்டையைக் காட்டியபோது தோழிகள் கேட்ட முதல் கேள்வி, “அவர் நம்ம ஆளா?” எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது. அவர் என்மேல் இரக்கப்பட்டதாகவும் நான் நினைக்கவில்லை. அவர் தம் வேலையைச் செய்தார். அந்த வேலைக்குக் குறிப்புதவி என்று பெயர். ரெபரன்ஸ் என்று கல்லூரியில் சொல்வார்கள். புத்தகத்தைப் பதிந்து கொடுப்பது, திரும்ப வாங்குவது, தாமதத்துக்குத் தண்டம் போடுவது எல்லாம் வேறு வேலை. கேள்வியோடு வருகிறவரை உட்கார வைத்து, அவர் கேள்வியை அவருக்கே தெளிவாக்கி, பதில் எங்கே இருக்கிறது என்று வழிகாட்டுவது குறிப்புதவி நூலகரின் வேலை.

ஒரே மக்கள், பல பெயர்கள்

அந்த அட்டையில் இருந்த பெயர்களுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. படிக்கிற பிள்ளைகள் இதைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

19ஆம் நூற்றாண்டின் அரசுக் காகிதங்களில் நாம் பறையர், பள்ளர், சக்கிலியர் என்று சாதிப் பெயரால் இருக்கிறோம். மொத்தமாகப் பஞ்சமர் என்று இருக்கிறோம். எம்.சி. ராஜா சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தைத் தொடர்ந்து, 1922 மார்ச் 25 அன்று அரசாணை எண் 817 வந்தது. அதன்பின் தமிழ்ப் பகுதிகளில் ஆதிதிராவிடர், தெலுங்குப் பகுதிகளில் ஆதி ஆந்திரர். அதே காலத்தில் ஆங்கில ஆவணங்களில் ‘டிப்ரஸ்டு கிளாசஸ்’, அதாவது ஒடுக்கப்பட்ட வகுப்பார். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அதன் ஆணையர் ஹட்டன் ‘எக்ஸ்டீரியர் காஸ்ட்ஸ்’, புறச்சாதிகள் என்ற பெயரைப் பயன்படுத்தினார். 1930களில் காந்தியடிகள் ஹரிஜன் என்றார். 1935 சட்டமும் 1936 ஆணையும் ஷெட்யூல்டு காஸ்ட் என்ற சட்டப் பெயரைக் கொடுத்தன. நாமே நமக்குச் சூட்டிக்கொண்ட பெயர்கள் வேறு: பூர்வ பௌத்தர், சாதிபேதமற்ற திராவிடர், ஆதித்தமிழர், அருந்ததியர், தேவேந்திரர், தலித்.

ஒவ்வொரு பெயரும் ஒரு கதவு. 1895ஆம் ஆண்டு ஆவணத்தைத் தலித் என்ற சொல்லால் தேடினால் ஒன்றும் கிடைக்காது. ஒன்றும் கிடைக்காதபோது, நமக்கு வரலாறே இல்லை போலிருக்கிறது என்று ஒரு பிள்ளை நினைத்துக்கொள்ளும். இதுதான் பெரிய ஆபத்து.

இப்போது செய்யாறு மாணவியின் லேபர் பள்ளிக்கூடத்துக்கு வருவோம். 1920இல் சென்னை மாகாண அரசு லேபர் கமிஷனர் என்ற பதவியை ஏற்படுத்தியது. ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் நலன், அதாவது குடிமனை வாங்கிக் கொடுப்பது, கிணறு வெட்டுவது, பள்ளிக்கூடம் நடத்துவது எல்லாம் அந்தத் துறையிடம் வந்தன. அது நடத்திய பள்ளிகளைத்தான் நம் தாத்தாக்கள் லேபர் ஸ்கூல் என்றார்கள். 1949இல் அந்தப் பணிகளுக்கு ஹரிஜன நலத்துறை வந்தது. இன்றைய ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையின் மூதாதை அதுதான். ஆகவே 1930களின் காலனிப் பள்ளிக்கூடத்தைக் கல்வித்துறைக் கோப்புகளில் மட்டும் தேடுகிறவர் வெறுங்கையோடு திரும்புவார். லேபர் துறையின் ஆண்டறிக்கைகளையும் சேர்த்துத் தேட வேண்டும். இதை அந்தப் பெண்ணுக்கு நான் தொலைபேசியில் பத்து நிமிடத்தில் சொன்னேன். அவருடைய கல்லூரியில் ஒரு குறிப்புதவி நூலகர் இருந்திருந்தால் அவரே சொல்லியிருப்பார். தலைப்பை மாற்று என்ற பேச்சு வந்திருக்காது.

காகிதம் எங்கே?

இது ஆய்வேட்டோடும் மதிப்பெண்ணோடும் முடிகிற விஷயம் இல்லை. நிலம் வரைக்கும் போகிறது.

செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமென்கீர் பறையர்களின் நிலை பற்றி 1891இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்துதான் 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010, 1010ஏ அரசாணைகள் வந்தன. அவற்றின் வழியாக நமக்கு ஒதுக்கப்பட்டவை பஞ்சமி நிலங்கள். முதல் பத்தாண்டுகளுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அதன் பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம் என்பது நிபந்தனை. அந்த நிலங்களை மீட்கும் போராட்டத்தில்தான் 1994 அக்டோபரில் காரணையில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் கொடுத்தார்கள்.

ஊர்க் கூட்டங்களில் பெரியவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “பஞ்சமி நிலம்னு நாம சொல்றோம், காகிதம் எங்க?” பழைய நிலப் பதிவேடுகளில் பஞ்சமி என்ற சொல்லைத் தேடினால் பல இடங்களில் கிடைக்காது. குறிப்புக் கலத்தில் ‘டி.சி.’ என்று இரண்டு எழுத்து இருக்கும். டிப்ரஸ்டு கிளாஸ் என்பதன் சுருக்கம். 1980களில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், யூ.டி.ஆர். என்று நாம் சொல்வது, அந்தக் குறிப்பு பல கிராமங்களில் விடுபட்டுப்போனது என்பது நில மீட்பு இயக்கங்களின் குற்றச்சாட்டு. ஆகவே இன்றைய சிட்டாவையும் அடங்கலையும் மட்டும் பார்த்தால் போதாது. பழைய அ-பதிவேட்டையும் செட்டில்மென்ட் பதிவேட்டையும் கேட்க வேண்டும்.

கேட்க வேண்டிய காகிதத்தின் பெயர் தெரியாதவரைத் தாலுகா அலுவலகத்தில் ஒரே வார்த்தையில் திருப்பி அனுப்பிவிடலாம். பெயர் தெரிந்தவரை அப்படி அனுப்ப முடியாது. இந்தப் பெயர்களை நான் எந்தச் சட்ட வகுப்பிலும் கற்கவில்லை. ஒரு கல்லூரி நூலகத்தின் மூலையில், ஒரு பழைய அட்டையில் தொடங்கிய பழக்கம் அது.

கேட்கக் கூச்சம் ஏன்?

“நம் பிள்ளைகள் நூலகத்தில் கேட்பதே இல்லை, கூச்சப்படுகிறார்கள்” என்று பேராசிரியர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது வெறும் கூச்சம் என்றால் ஒரு வாரத்தில் போய்விடும்.

தெருவில் நடக்கக் கேட்க வேண்டும், கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கேட்க வேண்டும், கேட்டாலும் கிடைக்காது. மேலே வசவு கிடைக்கும். இப்படி வாழ்ந்தவர்கள் நம் பாட்டன் பாட்டிகள். பொதுச் சாலை, கிணறு, குளம், அரசு அலுவலகம் எல்லாருக்கும் பொது என்று சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தது 1924இல். நூறாண்டு ஆகிறது. இரட்டைக் குவளை முற்றிலும் ஒழிந்துவிட்டது என்று இன்னும் நம்மால் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியவில்லை. கேட்டால் அவமானம் வரும் என்று தலைமுறை தலைமுறையாகப் படிந்த அச்சம் அது. நூலகத்தில் உட்கார்ந்திருப்பவர் நிமிர்ந்து பார்க்காமல் “இல்லை” என்றால், அந்தப் பிள்ளை இரண்டாம் முறை கேட்காது.

குறிப்புதவி மேசையின் அருமை இங்கேதான். கேள்வி கேட்பதை வரவேற்பதற்கென்றே சம்பளம் கொடுத்து ஒருவரை உட்கார வைத்திருக்கும் இடம் கல்லூரியில் அது ஒன்றுதான். வகுப்பில் கேட்டால் மற்றவர்கள் சிரிப்பார்களோ என்ற பயம் இருக்கும். துறைத் தலைவரிடம் கேட்டால் அக மதிப்பெண் நினைவுக்கு வரும். நூலகர் கையில் நம் மதிப்பெண் இல்லை. எவ்வளவு சின்னக் கேள்வியையும் அவரிடம் கேட்கலாம்.

உதவித்தொகை கல்லூரி வாசல் வரை கொண்டுவருகிறது. இடஒதுக்கீடு வகுப்பறைக்குள் உட்கார வைக்கிறது. வீட்டில் படித்த அப்பாவும் அத்தையும் இருக்கிற பிள்ளைக்கு எதை எங்கே தேடுவது என்று சாப்பாட்டு நேரத்திலேயே தெரிந்துவிடும். முதல் பட்டதாரிக்கு அந்த அப்பாவும் அத்தையும் கல்லூரி நூலகர்தான்.

ரங்கநாதன் சொன்னது

இந்த வேலையின் இலக்கணத்தை உலகத்துக்கு எழுதிக்கொடுத்தவர் சீர்காழியில் பிறந்து சென்னையில் பணியாற்றிய எஸ்.ஆர். ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். வந்த புதிதில், புத்தகங்களுக்கு நடுவே சும்மா உட்கார்ந்திருப்பது பிடிக்காமல் பழைய வேலைக்கே திரும்பப் பார்த்தார். லண்டனுக்குப் படிக்கப் போய், நூலகம் என்பது மக்களைத் தேடிப் போகும் வேலை என்று அங்கே கண்டுகொண்டு வந்தார். 1931இல் அவர் எழுதிய ஐந்து விதிகள் நூலகவியல் படிக்கும் எல்லாருக்கும் பாடம்: நூல்கள் பயன்பாட்டுக்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர், வாசகரின் நேரத்தைக் காப்பாற்று, நூலகம் வளரும் உயிர். அதே ஆண்டில் மன்னார்குடியில் மாட்டு வண்டியில் நூலகம் கிராமங்களுக்குப் போனது.

ஐந்திலும் நான்காவது விதி நமக்கு முக்கியம். காலையில் பால் கறந்துவிட்டு, ஏழு மணிப் பேருந்தில் கல்லூரிக்கு வந்து, மாலை நாலரைப் பேருந்தைப் பிடிக்க ஓடுகிற பிள்ளையின் நேரத்துக்கு விலை உண்டு. அந்தப் பிள்ளையை மூன்று நாள் அலைய வைப்பது, வீட்டில் யாரோ ஒருவரின் மூன்று நாள் கூலியை வீணாக்குவது. குறிப்புதவியிலும் இரண்டு வகை உண்டு என்று ரங்கநாதன் பிரித்தார். உடனே சொல்லக்கூடிய பதில் ஒன்று. நாட்கணக்கில் கூட இருந்து தேட வேண்டியது இன்னொன்று. நம் வரலாறு பெரும்பாலும் இரண்டாம் வகை.

அம்பேத்கரும் இதை அறிந்திருந்தார். தம் நூல்களுக்கு இடம் வேண்டும் என்று கருதியே மும்பை தாதரில் ராஜகிருகம் வீட்டைக் கட்டினார். 1946இல் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியபோதும் அதன் நூலகத்தில் தனி அக்கறை காட்டினார். கல்லூரி என்றால் வகுப்பறைகளோடு நூலகமும் சேர்ந்தது என்பது அவர் கண்ட கணக்கு.

எல்லாம் போனில் இருக்கிறதே?

“இனி நூலகர் எதற்கு, எல்லாம்தான் இணையத்தில் வந்துவிட்டதே” என்று ஒரு கல்லூரி நிர்வாகி என்னிடமே கேட்டார். நியாயமான கேள்வி. இணையத்தில் நிறைய வந்திருப்பது உண்மை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய தமிழ் நூல்களை இலவசமாகப் படிக்கலாம். பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சோத்கங்கா தளத்தில் பார்க்கலாம். அம்பேத்கரின் ஆங்கில எழுத்துகள், மகாராட்டிர அரசு 1979 முதல் வெளியிட்டுவரும் தொகுதிகள், இணையத்தில் கிடைக்கின்றன.

ஆனால் தேடுபொறி நாம் தட்டும் சொல்லைத்தான் தேடும். நமக்குத் தெரியாத பெயரை அது நமக்காக நினைத்துப் பார்க்காது. இப்போது பிள்ளைகள் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்கிறார்கள். அவை சில நேரம் இல்லாத புத்தகத்தின் பெயரையும் இல்லாத ஆசிரியரின் பெயரையும் கூசாமல் சொல்லிவிடும். அதை அப்படியே அடிக்குறிப்பில் எழுதி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. சரிபார்க்கக் கற்றுக்கொடுக்கவும் ஆள் வேண்டும்.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. கல்லூரி மாணவர்களுக்காக இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் என்-லிஸ்ட் என்ற திட்டம் இருக்கிறது. அதில் சேர்ந்த கல்லூரிகளின் மாணவர்கள் ஆயிரக்கணக்கான ஆய்விதழ்களையும் மின்னூல்களையும் காசில்லாமல் படிக்கலாம். அதற்கான கடவுச்சொல் கல்லூரி நூலகம் வழியாகத்தான் வரும். நூலகர் நாற்காலி காலியாக இருந்தால் அந்தக் கதவும் பூட்டிக் கிடக்கும். அரசு பணம் கட்டியிருக்கும், படிக்க வேண்டிய பிள்ளைக்கு அது தெரியாது.

சென்னைக்கு வருகிற பிள்ளைகளுக்கு

உங்கள் கல்லூரியில் கேட்க ஆள் இல்லையென்றால் வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம். ஒரு முறை சென்னைக்கு வாருங்கள். அண்ணா நூற்றாண்டு நூலகம் கோட்டூர்புரத்தில் இருக்கிறது. 2010 செப்டம்பர் 15இல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அதை மருத்துவமனையாக மாற்றப்போவதாக அரசு அறிவித்து, வழக்கு நடந்து, நீதிமன்றத் தடையால் நூலகம் பிழைத்தது. எட்டு மாடிகள். உள்ளே போக யார் சிபாரிசும் வேண்டாம். சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிக்கவும் தனி இடம் உண்டு. நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் டி.என்.பி.எஸ்.சி.க்கு அங்கே உட்கார்ந்து படிக்கிறார்கள்.

பழைய பத்திரிகைகளுக்கும் அச்சு நூல்களுக்கும் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ஒரு தனி மனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தது, சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1990களில் சென்னைக்கு வந்தது. ஓலைச்சுவடிகளுக்கு பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம். அடையாறில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவன நூலகம், 1886இல் கர்னல் ஆல்காட் தொடங்கிய அடையாறு நூலகம். அதே ஆல்காட்தான் 1894இல் பஞ்சமர் பிள்ளைகளுக்கு அடையாறில் இலவசப் பள்ளி திறந்தார். அயோத்திதாசரோடு 1898இல் இலங்கைக்குப் போனார். அரசாணைகளுக்கும் லேபர் துறை அறிக்கைகளுக்கும் எழும்பூர் ஆவணக் காப்பகம். ஆய்வுக்காக ஆவணக் காப்பகம் போகிறவர்கள் கல்லூரி முதல்வரிடம் அறிமுகக் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள்.

போகும்போது மூன்றை எழுதி எடுத்துப் போங்கள்: எந்தக் காலம், எந்த ஊர், அன்றைய பெயர் என்ன. எந்த நூலகத்திலும் முதலில் கேட்க வேண்டியது, “ரெபரன்ஸ் பிரிவு எங்கே?” என்பதுதான். “இல்லை” என்று பதில் வந்தால், “வேறு எந்தப் பெயரில் இருக்கலாம்?” என்று திருப்பிக் கேளுங்கள்.

அரசும் கல்லூரிகளும் செய்ய வேண்டியவை

பிள்ளைகளுக்குச் சொல்வதோடு நிறுத்திக்கொண்டால் பொறுப்பு அவர்கள் தலையிலேயே விழுந்துவிடும். விடுதலை பெற்ற இந்தியாவில் முதல் பொது நூலகச் சட்டத்தை 1948இல் இயற்றிய மாகாணம் நம்முடையது. ஊரில் வீட்டு வரி ரசீதைப் பாருங்கள், நூலக வரி என்று தனியாக வாங்குகிறார்கள். ஓலைக் குடிசை கட்டியிருந்தவர்களும் அதைக் கொடுத்திருக்கிறார்கள். பொது நூலகத்துக்குப் பணம் கொடுத்த அந்தக் குடும்பத்தின் பிள்ளை, கல்லூரி நூலகத்தில் ஒரு கேள்விக்குப் பதில் கேட்பது சலுகை ஆகாது.

முதலில், அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் காலியாக உள்ள நூலகர் பணியிடங்களை நிரப்ப வேண்டும். கூடுதல் பொறுப்பு என்ற ஏற்பாடு நூலகத்தைப் பூட்டாமல் வைக்கும், அவ்வளவே. நியமனத்தில் ஆதிதிராவிடர் 18 விழுக்காடும், அதற்குள் அருந்ததியருக்கான உள்ஒதுக்கீடும், பழங்குடியினருக்கான ஒரு விழுக்காடும் சுழற்சி முறையில் ஒழுங்காகப் பின்பற்றப்பட வேண்டும். ஒற்றைப் பணியிடம் என்று காரணம் சொல்லித் தட்டிக்கழிக்கக் கூடாது. நூலகவியல் முடித்த நம் பிள்ளைகள் பலர் தனியார் கல்லூரிகளில் குறைந்த சம்பளத்துக்கு இருக்கிறார்கள்.

இரண்டாவது, இருக்கிற நூலகரை நூலகர் வேலை செய்ய விட வேண்டும். நாக் குழு வருகைக்குக் கோப்பு தயாரிப்பதும் சேர்க்கைப் பணியும் தேர்வுப் பணியும் அவர் நாளைத் தின்றுவிடுகின்றன. ஒரு நாளில் இரண்டு மணி நேரமாவது அவர் குறிப்புதவி மேசையில் மட்டும் இருப்பார் என்று பலகை எழுதிப் போடலாம். அந்த நேரம் கடைசிப் பேருந்துக்கு முந்தியதாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, பட்டியலைச் சரிசெய்ய வேண்டும். தலித் என்று தேடுகிறவருக்கு ‘ஆதிதிராவிடர் காண்க, ஒடுக்கப்பட்ட வகுப்பார் காண்க, பஞ்சமர் காண்க’ என்று வழிகாட்டும் இணைப்புக் குறிப்பை ஒவ்வொரு கல்லூரிப் பட்டியலிலும் சேர்க்கலாம். இதற்குப் பெரிய நிதி வேண்டாம். நூலகவியல் மாணவர்கள் சிலர் ஒரு விடுமுறையில் செய்து முடிக்கக்கூடிய வேலை.

நான்காவது, முதலாண்டு சேர்ந்ததும் ஆதிதிராவிடர் நல விடுதி மாணவர்களுக்கு நூலகத்தில் ஒரு நாள் பயிற்சி. அலமாரியைச் சுற்றிக் காட்டிவிட்டு அனுப்பும் பயிற்சி வேண்டாம். ஒவ்வொருவரும் தம் ஊர் பற்றி ஒரு கேள்வி எழுதிக்கொண்டு வரட்டும். மாலைக்குள் அதற்கு ஒரு காகிதமாவது கண்டுபிடிக்கட்டும்.

கடைசியாகச் செய்யாறு மாணவி. போன வாரம் மறுபடி அழைத்தார். எழும்பூருக்குப் போக முதல்வரிடம் கடிதம் வாங்கிவிட்டாராம். லேபர் துறை ஆண்டறிக்கையில் தொடங்கப் போகிறார். ஒரு சந்தேகம் கேட்டார்: “அங்க இருக்கிறவங்ககிட்ட இதெல்லாம் கேட்டா ஏதாவது நினைப்பாங்களாக்கா?”

“நினைக்கட்டும். நீ கேளும்மா. பதில் சொல்லத்தான் அவங்க அங்க இருக்காங்க” என்றேன்.

அவர் கல்லூரியிலும் அப்படி ஒருவரை உட்கார வைப்பது அரசின் கடமை. அந்த நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.